அத்தானின் இடது கட்டைவிரல்

என் அத்தானைப் பற்றிக் கேட்டால் எங்கள் பட்டறையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கொல்லரோடு குடித்துவிட்டுச் சண்டை போட்டார், அதில் கை வெந்துபோயிற்று என்பான் ஒருவன். மூளை பிசகிவிட்டது என்பான் இன்னொருவன். அந்த மனிதர் குடித்து நான் பார்த்ததே இல்லை. மூளையும் நன்றாகத்தான் இருந்தது, எங்கள் முதலாளிக்கு இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நடந்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள் பேசட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவர் என் அக்காவின் கணவர். மேசை, நாற்காலி, கட்டில், கதவு எல்லாம் செய்கிற பட்டறையில் செதுக்கு வேலை அவருடையது. நாற்காலி முதுகில் கொடி, கட்டில் தலைமாட்டில் இலை, கதவில் பூ என்று எதைக் கேட்டாலும் உளியால் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் செதுக்கியதை உப்புத்தாளால் தேய்த்து மெருகுக்குத் தயாராக்குவது என் வேலை. இழைப்புளி ஓடும்போது மரம் சுருள்சுருளாகச் சீவப்பட்டு விழுமே, அந்தச் சீவல் எந்நேரமும் அவர் தலைமயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆளும் அதே போல ஒல்லி. அதனால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'சீவல்'தான். என்னை அவர் 'உப்புத்தாள்' என்று கூப்பிடுவார். என் நாக்கு அப்படியாம்.

"உப்புத்தாள், உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகலன்னு தெரியுமா? பொண்ணு கேட்டு வர்றவன் தோல் உரிஞ்சு திரும்பிப் போறான்."

"உங்களுக்கு ஒருத்தியக் குடுத்துட்டு எங்கப்பா பட்ட பாட்டுல, இன்னொருத்தியக் குடுக்கவே அவருக்குத் தைரியம் வரல அத்தான்."

இதுதான் எங்கள் அன்றாடப் பேச்சு. அக்கா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பாசத்தையெல்லாம் இந்த மனுஷன் உளிகளுக்குக் கொட்டிவிட்டார் என்று அக்கா சொல்வாள். அதில் பொய்யில்லை. ஒவ்வொரு உளிக்கும் துணி தைத்து உறை போட்டு வைத்திருந்தார். அக்காவுக்கு ஒரு தலையணை உறை தைக்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

அவருக்கு எதையும் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை நம்ப மாட்டார். பழம் வாங்கினால் தடவுவார், துணி வாங்கினால் தடவுவார், யார் வீட்டுக்குப் போனாலும் கதவு விளிம்பை ஒரு தடவு தடவிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்று எங்கள் வீட்டு மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை எவன் இழைச்சான், அவசரக்காரன்" என்றார். இழைத்தவர் எங்கள் அப்பா. அப்பா முகம் போன போக்கைப் பார்த்து அக்கா அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் நிச்சயமானது என்று நான் நினைக்கிறேன்.

உளி கூராக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி உண்டு. சிலர் உளியின் வாயை நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். வழுக்கினால் மொட்டை, பிடித்துக்கொண்டால் கூர். சிலர் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பார்கள். அத்தான் இரண்டையும் கிண்டல் செய்வார். அவர் தீட்டி முடித்ததும் உளியின் வாயை இடது கட்டைவிரல் சதையில் குறுக்காக, மெல்ல, ஒரே ஒரு தரம் இழுப்பார். சதையை அது கவ்வுகிற விதத்திலேயே இன்னும் கல்லில் போட வேண்டுமா, போதுமா என்று அவருக்குத் தெரிந்துவிடும். விரலில் கீறலே விழாது. கட்டைவிரல் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில்தான் அது தொடங்கியது. சாணைக்கல் சரியில்லை என்றார். எத்தனை தீட்டினாலும் கூர் ஏறவில்லை என்றார். புதுக் கல் வாங்கினார். அதுவும் சரியில்லை. எண்ணெயை மாற்றிப் பார்த்தார். காலையில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒரு நாற்காலியைக் கோத்து முடிக்கும் வரை கல்லில் உளியைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். தேய்ப்பார், கட்டைவிரலில் இழுப்பார், முகத்தைச் சுளிப்பார், மறுபடி தேய்ப்பார்.

"என்ன அத்தான், உளியையே கரைச்சுக் குடிக்கப் போறீங்களா?"

"மொட்டையா இருக்கு. பிடிக்கவே மாட்டேங்குது."

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அளவுக்கு மீறித் தீட்டினால் உளியின் வாய் காகிதம் போல மெலிந்துவிடும். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் அந்த மெல்லிய வாய் பொடிந்துவிடும். பொடிந்த வாய் மரத்தை வெட்டாது, பிய்க்கும். அத்தான் செதுக்கிய இலைகளில் நரம்பு நரம்பாகப் பிசிறு வர ஆரம்பித்தது. உளி கெட்டுவிட்டது என்று அவர் சொன்னதற்கு அவர் கண்ணெதிரிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. உளியைக் கெடுத்ததே அவர்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கும்தான் தெரியவில்லை.

பிசிறையெல்லாம் தேய்த்து எடுக்க வேண்டியவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பு அவர் வேலையில் நான் உப்புத்தாளைச் சும்மா ஒப்புக்குத்தான் போடுவேன். செதுக்கி முடித்ததும் அவரே கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, இடறுகிற இடத்தையெல்லாம் உளியாலேயே சரிசெய்துவிட்டுத்தான் தருவார். இப்போது அப்படியே தடவிவிட்டு, "வழவழன்னு இருக்கு, கொண்டு போ" என்று தருவார். நான் கை வைத்தால் முள் குத்தும்.

"இதுவா வழவழ? என் கையப் பாருங்க, சிராய் ஏறிக் கிடக்கு."

"உன் கை அவ்வளவு பூப்போல ஆயிடுச்சா?"

அதற்குமேல் பேசினால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவதென்றால் விஷயம் பெரிசு என்று அவருக்காவது புரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் வெளிறிய மரத்தில் செதுக்கிய நாற்காலி முதுகு ஒன்றைத் தேய்க்க எடுத்தேன். கொடியின் ஓரத்தில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள். மரத்தின் நிறம் என்று நினைத்துத் தேய்த்தேன். ஒன்று ஈரமாக இருந்தது. விரலில் சிவப்பாக ஒட்டியது. எழுந்து போய் அவர் இடது கையைப் பிடித்துத் திருப்பினேன். கட்டைவிரல் சதை முழுக்கக் கோடு கோடாக வெட்டு. பழைய வெட்டின் மேல் புது வெட்டு, அதன் மேல் மரத்தூள். ஒன்றிரண்டு சீழ் கட்டியிருந்தன.

"வலிக்கலயா?"

"கீறல்தானே. இந்த மொட்டை உளிய அழுத்தி அழுத்திப் பாக்க வேண்டியிருக்கு" என்று கையை இழுத்துக்கொண்டார்.

சதையைக் கிழிக்கிற உளி எப்படி மொட்டையாக இருக்கும்? அந்தக் கேள்வி என் தொண்டை வரை வந்தது. கேட்டும் விட்டேன். அவர் எழுந்தார். உளிகளையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டு, "கொல்லன்கிட்ட போறேன். இரும்புல என்னவோ கலந்துட்டான்" என்று கிளம்பினார்.

கொல்லரும் அவரும் இளவயதிலிருந்து நண்பர்கள். அத்தானின் உளி அத்தனையும் அவர் அடித்துக் கொடுத்தவை. இருவருக்கும் கோபம் மூக்கு நுனியில். தனியாக விட்டால் அடிதடியாகிவிடும் என்று நானும் பின்னாலேயே போனேன்.

நினைத்தது போலவே ஆயிற்று. அத்தான் பையை அப்படியே கொல்லரின் காலடியில் கொட்டினார்.

"இது இரும்பா, தகரமா?"

கொல்லர் ஓர் உளியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இதை யாருய்யா இப்படித் தீட்டுனது? வாய் இருக்கிற லட்சணத்தைப் பாரு. தாள் மாதிரி ஆக்கி வச்சிருக்க."

"கூர் ஏறலன்னா தீட்டத்தான் செய்வாங்க."

"கூர் ஏறலையா? இதால சவரம் பண்ணலாம்யா."

"நீ பண்ணிக்க. உன் இரும்பு செத்துப்போச்சு. அதை ஒத்துக்க உனக்கு வாய் வரல."

கொல்லரின் முகம் சிவந்தது. "நான் அடிச்ச உளியில உனக்கு நம்பிக்கை இல்லன்னா வேற எவன்கிட்டயாவது போ. இனிமே இந்த வாசல்ல கால் வைக்காத."

பட்டடைக் கல்லின் ஓரத்தில் கொல்லர் அப்போதுதான் அடித்து முடித்த புது உளி ஒன்று கிடந்தது. சிவப்பு அடங்கிக் கறுத்துவிட்டது. உலைக்குப் பக்கத்தில் கறுத்துக் கிடக்கிற இரும்பை எங்கள் தொழிலில் யாரும் தொட மாட்டார்கள். கறுப்பாக இருந்தாலும் சூடு உள்ளே இருக்கும். அத்தானுக்கு அது தெரியாததல்ல. ஆனால் கோபத்தில் இருந்தார். முன்பெல்லாம் அருகில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்து அவரை எச்சரித்துவிடும், அந்தப் பழக்கத்தில் இருந்தார். "இதோ, இதுவும் அதே இரும்புதானே?" என்று இடது கையால் எடுத்தார். எடுத்து, கட்டைவிரலை அதன் வாயில் வைத்துப் பார்த்தார்.

"பாரு, இதுவும் பிடிக்கல. என்ன இரும்பு வாங்குற நீ? எத்தனை தரம் உன்கிட்ட சொன்னேன்..." என்று பேசிக்கொண்டே இருந்தார்.

எனக்கு முதலில் நாற்றம்தான் வந்தது. மயிர் பொசுங்குகிற நாற்றம். அவர் உள்ளங்கையிலிருந்து மெல்லப் புகை எழும்பியது. அவர் பேச்சை நிறுத்தவில்லை.

கொல்லர் ஒரே தாவலில் வந்து அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். உளி விழுந்தது. அதோடு தோலும் போயிற்று. அவரை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் முழங்கை வரை கையை அமுக்கினார்.

"விடுய்யா. பேசிக்கிட்டு இருக்கும்போதே கை வைக்கிற" என்று அத்தான் திமிறினார்.

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. கையத் தண்ணியில வச்சுக்கிட்டுத் திட்டு." கொல்லர் பிடியை விடவில்லை.

அப்போதுதான் அத்தான் தொட்டிக்குள் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். உள்ளங்கையும் மூன்று விரல்களும் வெள்ளையாகவும் கறுப்பாகவும் கிடந்தன.

"வலிக்குதா?" என்று கொல்லர் கேட்டார்.

அத்தான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது.

"இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், கொல்லரைப் பார்த்தார். "அப்போ உளியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சா?"

கொல்லர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நான் அழுதேன். அழாமல் என்ன செய்வது.

மருத்துவமனையில் கைக்குக் கட்டுப் போட்ட பிறகு டாக்டரம்மா அவர் சட்டையைக் கழற்றச் சொன்னார். முழங்கைக்கு மேல் வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. அது தேமல் என்று நினைத்து அக்கா பல மாதமாக எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அதைப் பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் தொட்டார், மணிக்கட்டில் நரம்பை அமுக்கிப் பார்த்தார். பிறகு எங்களை உட்கார வைத்து, தொழுநோய் என்றார்.

அக்கா அப்படியே உறைந்துபோனாள். டாக்டரம்மா நல்ல பெண். பயப்படாதீர்கள், மாத்திரையிலேயே முழுசாகக் குணமாகிவிடும், மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது என்று பொறுமையாகச் சொன்னார். அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"விரல்ல உணர்ச்சி வருமா?"

"நோய் போயிடும், அது நிச்சயம். உணர்ச்சியப் பத்தி இப்ப சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். சில பேருக்கு நரம்பு கொஞ்சம் கொஞ்சமா உயிர் பிடிக்கும். சில பேருக்கு இல்ல. புண் ஆறட்டும், மாத்திரைய முழுசா முடிங்க. முடிஞ்சதும் கையச் சோதிச்சுப் பாத்துடலாம்."

அந்தக் 'கொஞ்சம் கொஞ்சமா'வைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

பட்டறையில் விஷயம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. அவர் உட்காரும் பலகையை யாரோ கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள். அவர் தண்ணீர் குடிக்கிற டம்ளர் குப்பைக் கூடையில் கிடந்தது. ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் ஒவ்வொருவன் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். தலையை ஆட்டினார்கள், தள்ளி நின்றார்கள். அந்த டம்ளரை எடுத்துக் கழுவி, எல்லோரும் பார்க்க அதிலேயே தண்ணீர் குடித்தேன். இன்றைக்கும் அதில்தான் குடிக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இரண்டு பேர் இடம் மாறிப் போனார்கள். போகட்டும், காற்றாவது வருகிறது.

முதலாளி வீட்டுக்கே வந்து அத்தானைப் பார்த்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

"உன் இடத்தை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன் சீவல். மாத்திரை முடியட்டும். கை முன்ன மாதிரி ஆயிட்டா வந்து உக்காரு. ஆனா ஆகணும், புரியுதா? கையில உணர்ச்சி இல்லாதவன்கிட்ட உளியக் குடுத்தா நாளைக்கு எனக்குத்தான் கெட்ட பேரு."

"ஆயிடும்" என்றார் அத்தான்.

அந்த வருஷம் முழுக்க அவர் அதற்காகவே உயிரோடு இருந்தார். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. புண் ஆறியது. விரல்கள் கொஞ்சம் மடங்கிப்போய், தோல் இழுத்துக்கொண்டு ஆறின. காலையில் எழுந்ததும் சன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் மரத்துண்டுகளை வைத்திருப்பார். சிலது இழைத்தது, சிலது இழைக்காதது. கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவுவார்.

"இது சொரசொரப்பு. இது வழவழ. இதுல இந்த ஓரத்துல ஒரு மேடு. சரியா?"

"சரி" என்பாள் அக்கா. அவள் முகம் மலரும். "நேத்து விரல் நுனியில சுறுசுறுன்னு இருந்துச்சாம்டி" என்று என்னிடம் சொல்வாள்.

எல்லாமே சரியாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார். வாழ்நாளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மரத்தைத் தடவிய மனிதர் இப்போது துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பித் தடவினார். பார்வை கண்டுபிடித்ததை விரல் கண்டுபிடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிவது போல இருந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரிடமும் எதையும் அடக்கி வைக்காத என் வாய்க்கு அது மட்டும் வரவில்லை. அக்காவைப் பார்த்தேன், அவளும் தெரிந்துகொண்டுதான் சரி என்கிறாளோ என்று சந்தேகமாக இருந்தது. அவளிடமும் கேட்கவில்லை.

மாத்திரை முடிந்தது. கடைசிச் சோதனைக்கு மூவரும் போனோம். அத்தான் துவைத்த சட்டை போட்டுத் தலையைப் படிய வாரியிருந்தார். போகும் வழியெல்லாம் பேச்சு. பட்டறைக்குப் போனதும் அந்தச் சாணைக்கல்லைத் தூக்கி எறிய வேண்டும் என்றார். கொல்லரிடம் முதலில் எந்த உளியைச் சரிசெய்யக் கொடுப்பது என்று யோசித்தார். "உப்புத்தாள், இனிமே உனக்கு வேலை குறைஞ்சுடும், உக்காந்து தூங்கு" என்றார்.

"ஆமா, நீங்க வந்துதான் என்னத் தூங்க வைக்கணும்" என்றேன். அன்றைக்கு என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

டாக்டரம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நோய் சுத்தமாப் போயிடுச்சு. நீங்க மாத்திரை சாப்பிட்ட ஒழுங்கு யாருக்கும் வராது. இப்ப கையப் பாத்துடலாம். மேசை மேல வைங்க, உள்ளங்கை மேல இருக்கட்டும். கண்ண மூடிக்கணும். நான் பேனா முனையால லேசாத் தொடுவேன். தொட்டது தெரிஞ்ச உடனே, எந்த இடம்னு இன்னொரு கை விரலால காட்டுங்க."

"சரிம்மா."

அத்தான் கையை வைத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டார். அக்கா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்து உள்ளங்கையின் நடுவில் தொட்டார். நடுவிரல் நுனியில் தொட்டார். ஆள்காட்டி விரலில் ஒவ்வொரு கணுவிலும் தொட்டார். அத்தானின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பாடம் ஒப்பிக்கப் போகிற பிள்ளை போல அமைதியாகக் காத்திருந்தார். டாக்டரம்மா கட்டைவிரலுக்கு வந்தார். சதையில் தொட்டார், ஓரத்தில் தொட்டார், பிறகு மெல்ல அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சதை குழிந்தது. பேனாவை எடுத்து மூடி, மேசை மேல் வைத்துவிட்டார்.

அத்தான் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறக்காமலேயே, மரியாதையாகச் சொன்னார்.

"ஆரம்பிங்கம்மா. நான் தயாராத்தான் இருக்கேன்."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா எழுந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"முடிஞ்சுடுச்சு. கண்ணத் தொறங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். உள்ளங்கை, விரல்கள், கட்டைவிரல் எங்கும் நீல மைப்புள்ளிகள்.

"இதெல்லாம் எப்ப வச்சாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.